காப்பி உண்டு, கட்டில் கிடையாது

போன வாரம் என் தையல் மிஷின் பலகை மேல் ஒரு சுருக்குப்பை வந்து விழுந்தது. மயில்கழுத்து நிறப் பட்டு, வாயோரம் ஒரு விரல் அகலத்துக்கு ஜரிகை, மொத்தமே உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். களக்காட்டிலிருந்து லீவுக்கு வந்திருந்த என் அண்ணன் மகள் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்று, “கயிறு இத்துப் போச்சாம் அத்தை, மாத்தித் தரணுமாம். அம்மா குடுத்துவிட்டா” என்றாள். எடுத்துப் பார்த்தேன். என் கையால் தைத்த பைதான். மற்ற வீட்டுப் பெண்கள் சுருக்குப்பையில் வெற்றிலை வைப்பார்கள், சில்லறை வைப்பார்கள். இவள் அம்மா, என் மதினி, தன் உயிரையே இதற்குள் வைத்திருந்தாள். அப்படித்தான் அவள் நம்பினாள்.

அப்போதெல்லாம் உள்ளே இருந்தது ஒரு பல்ஸ் மிஷின். துணி காயப்போடும் கிளிப் மாதிரி வாயைத் திறந்து விரலைக் கவ்விக்கொள்ளும். சிவப்பு எழுத்தில் நெஞ்சுத் துடிப்பையும் ரத்தத்து ஆக்சிஜன் அளவையும் காட்டும். கொரோனா நேரத்தில் ஊரே வாங்கிய சாமான். அது அடங்கியதும் எல்லாரும் அலமாரியில் தூக்கிப் போட்டுவிட்டு மறந்தார்கள். மதினி மறக்கவில்லை. தாலிக்கு அடுத்தபடியாக அதுதான் அவள் உடம்பில் இருந்தது. சும்மா சொல்லக்கூடாது, அதிலும் ஒரு ரசனை உண்டு அவளுக்கு. அரக்குச் சேலைக்கு அரக்குப் பை, பச்சைக்குப் பச்சை. ஜாக்கெட் தைக்கத் துணி கொடுக்கும்போதே, “மிச்சத் துண்டுல மிஷினுக்கும் ஒண்ணு போட்டிரு” என்பாள். மருந்துக் கடைச் சாமானுக்குப் பட்டு உடுத்திப் பார்த்த ஒரே பொம்பளை எனக்குத் தெரிந்து அவள்தான்.

அவளைத் தெரிந்தவர்களுக்கு இதை நம்பவே முடியாது. திருநெல்வேலி டவுனில் தேர் ஓடும் ரத வீதியை ஒட்டிய சந்தில்தான் அண்ணன் வீடு. மதினி சிரித்தால் சந்து முனையில் இருக்கிற பாத்திரக் கடைக்காரர் என்ன விஷயம் என்று எட்டிப் பார்ப்பார். கல்யாண வீட்டில் சொதிக்குத் தேங்காய்ப்பால் பிழிய உட்கார்ந்தால் நாலு பேர் வேலையை ஒருத்தியே முடிப்பாள். அப்படிப்பட்டவள், பக்கத்து வீட்டு டீச்சர் ஒருநாள் மதில் மேல் கை ஊன்றி அவளோடு பேசிக்கொண்டிருந்துவிட்டு, “இந்தா வாரேன்” என்று உள்ளே போய் அப்படியே சாய்ந்து இறந்துபோனதைப் பார்த்தாள். அன்றைக்கு மதினியின் காது உள்பக்கமாகத் திரும்பிக்கொண்டது. அதுவரை ஊரைக் கேட்ட காது, அதன்பிறகு தன் நெஞ்சையும் குடலையும் நரம்பையும் கேட்க ஆரம்பித்தது. ஏப்பம் வந்தால் மாரடைப்பு. கண் இமை துடித்தால் பக்கவாதம். இட்லி மாவுச் சட்டியைத் தூக்கியதில் இடது தோள் பிடித்துக்கொண்டால், அவ்வளவுதான், ஆட்டோ வந்துவிடும். “எங்க வீட்டுக்குப் பேப்பர் வராத நாள் உண்டு, ஈசிஜி வராத வாரம் கிடையாதுவே” என்று அண்ணன் வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பான். சிரித்துவிட்டு, அவள் முகத்தைப் பார்த்ததும் செருப்பைத் தேடிக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடுவதும் அவன்தான்.

பார்க்க வேண்டிய சோதனையெல்லாம் பார்த்தார்கள். ஓடவிட்டுப் பார்த்தார்கள், படுக்கவைத்துப் பார்த்தார்கள். இருதயம் நன்றாக இருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னதும் மதினிக்குச் சந்தோஷம் வரும். அந்தச் சந்தோஷம் வண்ணார்பேட்டைப் பாலம் தாண்டுவதற்குள் தீர்ந்துவிடும். “சரியாப் பாத்திருப்பாளா?” என்று ஆரம்பிப்பாள். கடைசியில் அந்த டாக்டரம்மாவே, கையைப் பிடித்து உட்காரவைத்து, இது நடிப்பு இல்லை, கோட்டித்தனமும் பைத்தியமும் இல்லை, பயமும் ஒரு நோய்தான், அதற்கும் வைத்தியம் இருக்கிறது என்று சொல்லி, பாளையங்கோட்டையில் ஒரு மனநல டாக்டரிடம் அனுப்பினார். துணைக்குப் போனது நான். அந்த டாக்டர் அதட்டவும் இல்லை, அறிவுரை அடுக்கவும் இல்லை. பயம் வரும்போது விரட்டாதீங்க, கூடவே ஓடவும் செய்யாதீங்க, வந்தது தானாக இறங்குகிறவரை இருந்து பாருங்க, மிஷின் பார்க்கிறதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைச்சுக்கோங்க என்று பழக்கம் சொல்லிக்கொடுத்தார். வாரா வாரம் போனோம்.

வீட்டுக்கு வருகிற வழியில் மதினி அதைத் தன் பாஷைக்கு மாற்றிக்கொண்டாள். ஆட்டோவில் திடீரென்று, “ஏட்டி, இவரு சொல்லுதது என்னன்னா, பயம்ங்கிறது சொல்லாம வார விருந்தாளி. வாசல்ல வச்சு விரட்டுனா ஊரக் கூட்டும். வா, இரின்னு ஒரு காப்பியக் குடுத்திரணும். ஆனா கட்டில் மட்டும் போட்டிரக் கூடாது” என்றாள். ஆட்டோ ஓட்டிய அண்ணாச்சி திரும்பிப் பார்த்து, இது தன் சம்சாரத்தின் தம்பிக்கும் பொருந்தும் என்றார். எனக்குப் பேச்சென்றால் உயிர். படிப்பு ஒன்பதோடு நின்றுபோனாலும், துணி கொடுக்க வருகிறவர்கள் உதிர்க்கிற வார்த்தையைப் பொறுக்கிப் பொறுக்கித்தான் எனக்கு அறிவு வளர்ந்தது. அன்றைக்குக் கிடைத்தது மாதிரி ஒன்று அதற்கு முன்னால் கிடைத்ததில்லை. அதன்பிறகு அவளுக்கு நெஞ்சு படபடக்கும் போதெல்லாம் நான் “காப்பி உண்டு” என்பேன்; அவள் மூச்சை இழுத்துக்கொண்டு “கட்டில் கிடையாது” என்பாள்.

சொல் இருந்தது, ஆனால் காரியம் இருக்கிறதே. மகள் உண்டாகியிருக்கிற சேதி களக்காட்டிலிருந்து வந்ததும், முந்திரிக்கொத்தும் அதிரசமும் சுட்டு எடுத்துக்கொண்டு மதினி பஸ் ஏறினாள். சேரன்மகாதேவி வரை போனாள். இனிமேல் பெரிய ஆஸ்பத்திரி எங்கே இருக்கிறது என்று மனசு கணக்குப் போட்டது; நெஞ்சு அடித்தது; மிஷின் எண்ணைக் காட்டியது. இறங்கிவிட்டாள். பலகாரத் தூக்கோடு திரும்பி வந்து நடுவீட்டில் உட்கார்ந்தவளை, போனில் மகள் ஒரு வார்த்தைகூடக் குறை சொல்லவில்லை. “பரவாயில்லம்மா” என்றாளாம். அந்தப் பரவாயில்லைதான் மதினியை அறுத்தது. வளைகாப்பை ஆனித் தேர் கழித்து, ஆடி பிறக்குமுன் ஒரு நாளில் குறித்திருந்தார்கள். வளையல் போட்டு, பிரசவத்துக்கு மகளைக் கூட்டிவரத் தாய்தான் போகவேண்டும். போகாவிட்டால் அந்தப் பிள்ளை யார் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கும்?

தேருக்கு முதல் நாள் மதினி என் தையல் மிஷினுக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். அவள் வடம் பிடித்துச் சில வருஷம் ஆகியிருந்தது. கூட்டம், வெக்கை, வழி கிடைக்காது, ஆம்புலன்ஸ் உள்ளே வராது என்று மாடியில் நின்றே கும்பிட்டுக்கொண்டிருந்தவள், “நாளைக்கு வடத்தத் தொட்டுருதேன். அதத் தொட்டுட்டேன்னா களக்காட்டு பஸ்ல ஏறிருவேன். தொடலைன்னா நீதான் போயி என் பிள்ளையக் கூட்டிட்டு வரணும்” என்றாள். சொல்லிவிட்டு மயில்கழுத்துப் பட்டில் மிச்சத் துண்டை எடுத்து மேஜையில் வைத்தாள். அங்கனயே உட்காரவைத்துத் தைத்துக் கொடுத்த பைதான் இது.

மறுநாள் காலை. ஆனி மாதத்து மேல்காற்று, வருவேனா வரமாட்டேனா என்று ரெண்டு தூறல், அதற்குப் பின்னால் சுள்ளென்று வெயில். எங்கள் ஊரில் தேர் நாள் என்றால் காற்றுக்கே கால் தரையில் நிற்காது. சுவாமி தேர் நகர்ந்து, அடுத்து அம்மன் தேர். அம்மன் தேருக்கு வடம் பிடிக்கப் பெண்கள் கூட்டம் அலைமோதியது. தொடை மொத்தத்துக்குத் தேங்காய்நார் வடம், நனைந்து கனத்து, பாம்பு மாதிரி ரோட்டில் கிடந்தது. எங்களுக்கு நடுவில் ஓரிடம் கிடைத்தது. மதினி குனிந்து வடத்தைத் தொட்டாள். தொட்ட கையோடு மற்ற கையால் சுருக்கை இழுத்து மிஷினை எடுத்து விரலில் மாட்டினாள். எண் நூறைத் தாண்டி விறுவிறுவென்று ஏறியது. அவள் முகம் வெளுத்தது.

“ஏட்டி, நான் வீட்டுக்குப் போறேன்.”

நான் “காப்பி” என்று ஆரம்பிப்பதற்குள், வடத்தில் எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு தாட்டியான அம்மாள் திரும்பினாள். சாத்தான்குளத்திலிருந்து தேர் பார்க்க வந்தவளாம். வந்ததிலிருந்து வாய் ஓயாமல் எல்லாரையும் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தவள். என்ன அது என்று கேட்டாள். சொன்னேன். விரலை நீட்டி, “எனக்கும் போடுங்க பாப்பம்” என்றாள். போட்டோம். மதினியுடையதைவிடக் கூட! அந்த அம்மாள் அலட்டிக்கொள்ளவே இல்லை. “தாயி தேர் கெளம்பப் போவுது, நெஞ்சு அடிக்காம என்ன செய்யும்? இன்னைக்கு அடிக்கலைன்னாதான் ஆசுபத்திரிக்குப் போவணும்” என்றாள்.

அவ்வளவுதான், பற்றிக்கொண்டது. பக்கத்தில் நின்ற காலேஜ் பிள்ளை ஒருத்தி விரலை நீட்டினாள். அவளுடையது அந்த அம்மாளையும் மிஞ்சியது, தோழிகள் கைதட்டினார்கள். கயிறு கட்டிக் கூட்டத்தை ஒதுக்கிக்கொண்டிருந்த பெண் போலீஸ், “என்னம்மா இங்கன கூட்டம்” என்று அதட்டிக்கொண்டே வந்து, விவரம் தெரிந்ததும் தானும் ஒரு விரலைக் கொடுத்தார். அவருக்கும் நூறுக்கு மேலேதான். எனக்கு, எனக்கு என்று வளையல் கைகளாக நீண்டன. எண்ணைச் சத்தமாகச் சொல்வதும், தோற்றவள் “இன்னொருக்காப் போடு, இப்ப ஏறியிருக்கும்” என்று கெஞ்சுவதுமாக, ஏலம் விடுகிற இடம் போல ஆகிவிட்டது. மதினி ஒவ்வொரு எண்ணாகக் கேட்டுக்கொண்டே நின்றாள். அவள் முகத்தில் ரத்தம் திரும்பியதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். இத்தனை வருஷமாகத் தன் ஒருத்தியின் நெஞ்சுக்கூட்டுக்குள் மட்டும் கேட்ட கொட்டு, அன்றைக்கு ரத வீதி முழுக்க அடித்துக்கொண்டிருந்தது. பயத்துக்கும் நெஞ்சு அப்படித்தான் அடிக்கிறது, ஆனந்தத்துக்கும் அப்படித்தான் அடிக்கிறது. பாவம், அதற்கு இருப்பது ஒரே தாளம்.

அப்போது வெடிச்சத்தம். சங்கு. “காந்திமதித் தாயே” என்று ஒரே குரல். கிடந்த வடம் விண்ணென்று எழுந்து கைக்கு வந்துவிட்டது. பின்னால் சக்கரத்துக்குத் தடி போட்டு நெம்புகிறவர்களின் கூச்சல், மரம் முனகுகிற சத்தம், தேர் ஒரு குலுக்குக் குலுக்கி நகர்ந்தது. மதினி இழுத்தாள். சொதிக்குப் பால் பிழிகிற அந்தக் கையால், செருப்பு எங்கே போனதென்று தெரியாமல், கொண்டை அவிழ்ந்து, தொண்டை கிழியக் கத்திக்கொண்டு இழுத்தாள். வீதி பாதி போனபிறகுதான் எனக்கு உறைத்தது. மிஷின் எங்கே? கை மாறிக் கை மாறி வடத்தின் நீளத்துக்குப் போனது, யாரிடம் நின்றதோ. “மதினி, மிஷினு!” என்றேன். அவள் வடத்திலிருந்து கையை எடுக்கவில்லை. “அது பைய வரட்டும், நீ இழுட்டி” என்றாள்.

வீதி முனையில் தேர் நின்றபோது, மூடிக்கிடந்த ஒரு கடைப் படியில் சரிந்து உட்கார்ந்து நீர்மோர் குடித்தோம். இரண்டு பேருக்கும் உள்ளங்கை தோலுரிந்து எரிந்தது. ஒலிபெருக்கியில் வழக்கம்போலக் காணாமல்போன பிள்ளைகளையும் கிடைத்த சாவிக்கொத்துகளையும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நடுவில், விரலில் மாட்டி நாடி பார்க்கும் கருவி ஒன்று கிடைத்திருக்கிறது, உரியவர் வந்து பெற்றுக்கொள்ளவும் என்று அறிவிப்பு வந்தது. நான் எழுந்தேன். மதினி முந்தானையால் விசிறிக்கொண்டே, மோர் தம்ளரை வாயிலிருந்து எடுக்காமல் சொன்னாள்: “யாரோ பாவம், தொலைச்சிட்டுத் தவிக்குதா போல.”

நான் உட்கார்ந்துவிட்டேன்.

வளைகாப்புக்குப் போனாள். பஸ்ஸில் நானும் கூட இருந்தேன். சேரன்மகாதேவி தாண்டும்போது பயம் வராமலில்லை, வந்தது. கை தானாகச் சுருக்குப்பைக்குப் போனது. வெறும் பை. அதைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி உதட்டுக்குள் காப்பி, கட்டில் என்று முணுமுணுத்தாள். களக்காட்டு வாழைத்தோப்புகள் தெரிய ஆரம்பித்தபோது படபடப்பு இறங்கியிருந்தது. பயம் இன்றைக்கும் அவளை மறந்துவிடவில்லை. எப்போதாவது வரும், காப்பி குடிக்கும், போகும். டாக்டரிடம் போகவேண்டிய நேரத்தில் போகிறாள். போகவேண்டாத நேரத்தில் பேத்தியோடு பாம்புக்கட்டம் ஆடுகிறாள்.

பையின் இற்றுப்போன கயிற்றை உருவும்போது உள்ளே விரல் விட்டுப் பார்த்தேன். இரண்டு புளிப்பு மிட்டாய், ஒரு ஏலக்காய், பிள்ளையின் ஒற்றைக் கொலுசு. புதுக் கயிறு கோத்து முடிச்சுப் போட்டுவிட்டு மதினிக்குப் போன் போட்டேன். அந்த மிஷினைப் பற்றி இத்தனை வருஷத்தில் நான் கேட்டதே இல்லை, அன்றைக்குக் கேட்டேன். தேர் அன்னைக்கு அதை யார் போய்க் கேட்டு வாங்கியிருப்பாவ மதினி?

“யாரோ பயந்தவதான் வாங்கியிருப்பா” என்றாள். பின்னால் பிள்ளை பகடையை உருட்டுகிற சத்தம் கேட்டது. “வச்சிருக்கட்டும்ட்டி. அவளுக்கும் ஒரு தேர் வராமலா போயிரும்.”