எக்கோவை அணைத்த பிறகு

நான் செஞ்சி கடைத்தெருவில் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். எது கோளாறு செய்தாலும் வயர் எங்கே விட்டுப்போனது என்றுதான் பார்ப்பேன். பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன். நீங்களும் இதைக் கேட்டு எழுந்து போகலாம், ஆனால் நடந்தது நடந்ததுதான்.

மாதா கோயில் பாட்டுக்குழுவில் பதினைந்து வருஷமாக எலெக்ட்ரிக் கிடார் வாசிக்கிறேன். மேடை ஏறினாலே "எக்கோ கொஞ்சம் ஏத்துப்பா" என்று கேட்டுப் பழகியவன், தப்பு விழுந்தாலும் எக்கோ மூடிவிடும் பாருங்கள். அதனால்தான் சென்னை இசையமைப்பாளர் ஒருவர் முதல்முறையாக என்னை நம்பி ஒரு பாட்டுக்கு வாசிக்கச் சொன்னபோது, வீட்டிலேயே எக்கோவைக் கொட்டிப் பதிவு செய்து அனுப்பி, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

"எஃபெக்ட் எதுவும் வேணாம். வெறும் கிடார் மட்டும் அனுப்புங்க, நான் இங்க சேர்த்துக்கிறேன். நாளைக்கு சாயங்காலம் ஆறு மணிக்குள்ள வரலன்னா வேற ஆளைப் பார்த்துக்கிறேன்" என்றார்.

மறுநாள் அமாவாசை. மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகும் ஸ்பெஷல் பஸ்கள் வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டே போயின. எனக்குக் கவலையில்லை. மைக்கே கிடையாது, கிடாரிலிருந்து வயர் நேராகக் கம்ப்யூட்டருக்குப் போகிறது, வெளிச்சத்தம் நுழைய வழியே இல்லை. மறுபடி ஆசை வந்துவிடக் கூடாதென்று எக்கோ பெட்டியைக் கழற்றி என் மனைவி ஸ்டெல்லாவிடம் கொடுத்தேன். கம்ப்யூட்டரிலும் எல்லா எஃபெக்ட்டையும் அணைத்துவிட்டு ஒரே மூச்சில் வாசித்தேன்.

போட்டுக் கேட்டால் எக்கோ! அதுவும் என் பெட்டியின் எக்கோ இல்லை. எங்கள் ஊர்க் கோட்டையில் ராஜகிரிப் பாறைக்கு நேரே நின்று கூப்பிட்டால் திரும்பி வருமே, அது. நான் வாசித்து நிறுத்திய பிறகும் அது நிற்கவில்லை. நான் வாசிக்காத நான்கு சுரங்களை வாசித்துவிட்டுத்தான் அடங்கியது.

"இன்னாங்க இது, நீங்க வாசிச்சதா?" என்றாள் ஸ்டெல்லா. எக்கோ பெட்டி அவள் மடியில்தான் இருந்தது.

நம்பினால் நம்புங்கள், மேலும் இரண்டு தடவை பதிவு செய்தேன், இரண்டும் எக்கோவே இல்லாமல் வெறும் கிடாராக வந்தன. மணி ஐந்தே முக்கால் ஆகிவிட்டது.

"அவரு கேட்ட மாதிரி வெறும் கிடாரையே அனுப்பிட்டா தப்பிச்சிக்கலாம்" என்றேன்.

"பதினஞ்சி வருசமா தப்பிச்சிக்கினுதான இருக்கீங்க? மொதல்ல வந்தத அனுப்புங்க."

கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினேன். ஆறு மணிக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது போன் வந்தது. வாய்ப்பு போச்சு என்றுதான் எடுத்தேன்.

"என்ன எஃபெக்ட் சார் போட்டீங்க? கடைசி நாலு நோட்லதான் பாட்டே நிக்குது. எதையும் மாத்தப் போறதில்ல, அப்படியே வெச்சிக்கிறேன்!"

நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்துவிட்டார்கள். ஸ்டெல்லா அழுதேவிட்டாள். பாட்டு என் பெயரோடு வெளிவந்தது, அந்த வருஷத் திருவிழாவில் ஊரே சேர்ந்து பாடியது. அதற்குப் பிறகு எத்தனையோ பாட்டுக்கு வாசித்துவிட்டேன்.

ஒரு ஞாயிறு மதியம் இருவரும் கோட்டைக்குப் போனோம். பாறைக்கு நேரே நின்று அந்தப் பாட்டை முழுக்க விசிலடித்தேன். பாறை அப்படியே திருப்பித் தந்தது, கடைசி நான்கு சுரங்களை மட்டும் தரவில்லை. மூன்று முறை அடித்துப் பார்த்தேன், மூன்று முறையும் அந்த இடத்தில் கப்சிப். "வாங்க போலாம்" என்று ஸ்டெல்லா கையைப் பிடித்து இழுத்தாள்.

மேடையில் அந்த இடம் வரும்போது இன்றைக்கும் என் விரல் சில்லிட்டுப் போகிறது. கைதட்டலும் அங்கேதான் விழுகிறது.