இலையான் விரட்டிய தையல்காரர்

கல்முனையில் எச்.ஐ.வி. நோயாளிகளைப் பார்க்கும் பிரிவில் நான் தாதி. ஆண் தாதி என்பதால் ஊருக்கே என்னைத் தெரியும். அங்கேதான் அந்தத் தையல்காரரைச் சந்தித்தேன். மருதாணித் தாடி, மடிப்புக் கலையாத வெள்ளைச் சேட்டு.

கண்ணுக்கு முன்னால் பறந்த கரும்புள்ளிகளை ஈ, இலையான் என்று நினைத்து, கடைக்குள் மாதக்கணக்கில் விரட்டியிருக்கிறார். வலியே இல்லை. எதிர்ப்புச் சக்தி குறைந்த உடம்பில் ஏதோவொரு கிருமி புகுந்து இடது விழித்திரையைப் பாதிக்கு மேல் தின்றுவிட்டது. வலது கண்ணை மருந்து காப்பாற்றியது. இடது கண்ணைப் பொத்திக்கொண்டு, வலதிலும் இலையான் வருகிறதா என்று தினமும் பார்க்கச் சொன்னோம். அதுவே அவருக்குப் பழக்கமாகிவிட்டது.

ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "தம்பி, வெளிய கண்டா எனக்கு ஸலாம் சொல்லாதீங்க. இவரை எப்படித் தெரியும் எண்டு ஆக்கள் கேப்பாங்க. ஊட்டுல கட்டிக்குடுக்க ரெண்டு குமர் இருக்கு."

"ஓம் காக்கா" என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னேன்.

அந்த வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் ஜும்ஆ தொழுகை முடிந்து எல்லோரும் கைகொடுத்து ஸலாம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவரைக் கண்டதும் குனிந்து செருப்பைத் தேடினேன். நிமிர்ந்தபோது, இடது கண்ணைப் பொத்திக்கொண்டு என்னையே பார்த்து நின்றார். வெயிலுக்கு என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள்.

அந்த ஸலாமுக்குப் பதில் சொல்வது கடமை. மனதுக்குள் சொன்னேன்.