கண்மாய்க் கரையில் உதறிய வேட்டி

பிள்ளைகளா, போன கோடை லீவில் நாம் கண்மாய் பார்க்கப் போன நாளைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. எனக்கும் வாயால் சொல்ல வரவில்லை. அதனால் எழுதி வைக்கிறேன்.

யாரோ வேனுக்குள்ளேயே கட்டில் போட்டு ஏரி ஏரியாகச் சுற்றுவதைப் போனில் பார்த்துவிட்டு, நீங்கள் இருவரும் என்னை நச்சரித்தீர்கள். நான் லோடு ஏற்றும் வேனில் தார்ப்பாய் கட்டினேன். உள்ளே மெத்தை போட்டு, அதன்மேல் என் வெள்ளை வேட்டியை விரித்து, ஒரு சின்ன அடுப்பும் வைத்தேன். "இந்த வெயில்ல எந்தக் கண்மாய்லய்யா தண்ணி கெடக்கு? வெந்து சாக நான் வரல" என்று உங்கள் அம்மா வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

அவள் சொன்னதுதான் நடந்தது. அருப்புக்கோட்டையைத் தாண்டித் திருச்சுழிப் பக்கம் பார்த்த முதல் கண்மாயில் கருவேலமரம்தான் நின்றது. இரண்டாவதில் ஆடு மேய்ந்தது.

"இதாப்பா ஏரி?" என்றான் பெரியவன். சின்னவள் சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

"பேசாம ஒக்காருங்க ரெண்டு பேரும்!" என்று கத்தினேன். வேன் தகரம் கொதித்தது. அதற்குப் பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

மூன்றாவது கண்மாயில் முழங்காலளவு தண்ணீர் கிடந்தது. எதிர்க்கரையில் வலையும் கூடையுமாக முந்நூறு பேராவது நின்றார்கள். அன்று அந்த ஊரில் மீன்பிடித் திருவிழா. ஊர்ப் பெரியவர்கள் கோயிலில் சாமி கும்பிட்டு வந்து, கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார்கள். அதுவரை ஒருவரும் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. எனக்கும் தெரியும். நானும் இந்தக் கரிசல் காட்டில் பிறந்தவன்தான். ஆனால் மெத்தையில் எறும்பு ஏறியிருந்தது. இருந்த எரிச்சலில் மெத்தைமேல் விரித்திருந்த வேட்டியை உருவி, கரைமேல் நின்று, தலைக்கு மேலே தூக்கி நாலு உதறு உதறினேன்.

"வெள்ளை வீசியாச்சுடோய்!" என்று ஒரு சத்தம். அத்தனை பேரும் தண்ணீரில் விழுந்தார்கள்.

கோயிலிலிருந்து பெரியவர்கள் ஓடிவருவதற்குள் கண்மாய் சேறாகிவிட்டது. வேனைச் சுற்றிக்கொண்டார்கள். ஊர்த்தலைவர் சாவியைப் பிடுங்கினார்.

"சாமிக்கு இன்னும் சூடம் காட்டல. எவன்டா வெள்ளை வீசுனது?"

ஓங்கிய கைகளைப் பார்த்தேன். "புள்ள வெளையாட்டா வீசிருச்சுய்யா" என்று சின்னவளைக் காட்டினேன்.

எட்டு வயதுப் பிள்ளையை யார் அடிப்பார்கள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. வைதார்கள்.

"பொட்டப்புள்ளய வளத்திருக்கான் பாரு!"

"இந்தக் கைய ஒடிச்சு அடுப்புல வைக்கணும்" என்றாள் ஒருத்தி. அவள் மடியில் அப்போது பிடித்த மீன் துள்ளிக்கொண்டிருந்தது.

சின்னவளே, நீ என்னையே பார்த்தாய். "நான் இல்ல" என்று நீ சொல்லவில்லை.

சாவியை மண்ணில் எறிந்தார்கள். பொறுக்கிக்கொண்டு கிளம்பினோம்.

"நீதானப்பா வீசுன?" என்றான் பெரியவன்.

"வாய மூட்றா."

அன்றிலிருந்து சின்னவள் அந்த வேனில் ஏறுவதில்லை. பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போகிறாள்.

நான் மறுபடியும் அந்த ஊருக்குப் போனது உங்களுக்குத் தெரியாது. தனியாகப் போனேன். ஊர்த்தலைவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை.

"அன்னைக்கு வெள்ளை வீசுனது எம்மக இல்லய்யா. நான்தான்."

"தெரியும். அம்புட்டு நீள வேட்டிய அந்தப் புள்ள தூக்குமா? நீயா சொல்லுவன்னு பாத்தேன்." வாளியைக் கவிழ்த்தார். "பழிய ஊருக்கு முன்னால போட்டுட்டு எங்கிட்ட ஒத்தையில வந்து சொல்ற. போ, ஊர் கூடுற சாவடியில போய்ச் சொல்லு."

சாவடியில் ஏழெட்டுப் பேர் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். வாசலில் நின்று சொன்னேன். ஒருவரும் நிமிரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னேன்.