மச்சானின் இங்கிலாந்து பைக்கும் ஒரு வெள்ளை டி-சர்ட்டும்

இன்று காலை பல்லடம் ரோட்டில் என் மச்சானின் பழைய இங்கிலாந்து பைக் நின்றுவிட்டது. பின்னால் என் ஜப்பான் வண்டியில் வந்த எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லவே வேண்டாம்.

"ஏனுங்க மச்சான், மேட்டுல யானையாட்ட இழுக்கும்னீங்க. இது சமதரைங்களே?"

"பேசாம இருங்க மாப்ள. உங்க வண்டி தையல் மிஷினாட்டக் கத்துது."

"அந்தச் சத்தத்துலதானுங்க திருப்பூரே சோறு திங்குது."

மச்சான் குனிந்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினார். பதினொரு மணிக்குள், சரக்கு வாங்கும் பையரிடம் சாம்பிள் கொடுத்தால்தான் எங்கள் பனியன் கம்பெனிக்கு ஆர்டர். அவர் கையெல்லாம் ஆயில்.

"அந்தப் பையில வேஸ்ட் துணி இருக்கும், எடுங்க."

எடுத்துக் கொடுத்தேன். நம் ஊரில் கை துடைக்கிற துணியை யார் பார்த்துக் கொடுக்கிறார்கள்?

நன்றாகத் துடைத்துவிட்டு விரித்துப் பார்த்தார். வெள்ளை டி-சர்ட். அதுதான் சாம்பிள்.

அப்புறமென்ன, என் தையல் மிஷினில் இரண்டு பேரும் கம்பெனிக்குப் பறந்தோம். கறை எடுக்கும் அக்கா எங்களைத் திட்டிக்கொண்டே வெளுத்துக் கொடுத்தார். பதினொன்றுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது பையர் ஆபீஸில் நின்றோம். ஆர்டர் ஓகே.

வெளியே வந்ததும் மச்சான் மெதுவாகச் சொன்னார். "வண்டி நின்னத யாருகிட்டயும் சொல்லீராதீங்க மாப்ள. துணி விசயத்த நானும் உங்க ஊட்ல தங்கச்சிகிட்டச் சொல்லமாட்டேன்."

சரி என்று கையடித்துக் கொடுத்தேன். இந்த நிமிஷம் வரை வாயே திறக்கவில்லை. எழுதக் கூடாது என்று அவர் சொல்லவில்லையே?

லைக் போடுகிறவர்கள் மச்சானுக்குத் தெரியாமல் போடுங்கள்.