என் குரலில் பேசிய மைக்

பேயாவது ஒன்றாவது என்று சிரிக்கிறவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். எனக்கொன்றும் நஷ்டமில்லை. பட்டப்பகலில், கண்ணெதிரே நடந்தது இது. என் கணவர் சாட்சி.

நான் கௌசர், ஓசூர் பக்கம் கெலமங்கலம். "பராமரிப்புப் பணி காரணமாக நாளை மின்தடை..." என்று ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு போவார்களே, எங்கள் சுற்றுவட்டாரத்தில் அந்தக் குரல் என்னுடையது. மின் அலுவலகத்துக்காகத் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் பதிவு செய்து கொடுப்பேன். அறுந்த கம்பியைத் தொடாதீர்கள், யானைக்குப் பயந்து வேலியில் கரண்ட் விடாதீர்கள் என்று ஊர் ஊராகப் போய்க் கூட்டத்திலும் பேசுவேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு கெட்ட பழக்கம். மின்தடை என்று மைக்கில் சொல்லிவிட்டால், மோட்டார் வேலை, ஒயர் வேலை எல்லாவற்றையும் அன்றைக்குத்தான் இழுத்துப் போட்டுக்கொள்வார்கள். ஒருத்தரும் ஃபியூஸைப் பிடுங்குவதில்லை. அதான் மைக்கில் சொல்லிவிட்டார்களே! பணி சீக்கிரம் முடிந்தால் கரண்ட் முன்னாலேயே வந்துவிடும் என்று நான் தொண்டை கிழியக் கத்துவது யார் காதில் விழுகிறது? என் கணவர் அஜாஸ் மோட்டார் மெக்கானிக். அவரும் அதே ரகம்தான்.

போன மாதம் ஒரு மின்தடை நாள். சானமாவு பக்கம் ஒரு ஊரில் கூட்டம். நான் பேச ஆரம்பித்ததுமே ஒரு பெண் எழுந்தாள். பெயர் பூங்கொடி. போன வருடம் அவள் கணவர் மோட்டார் ஒயரைத் தொட்டு இறந்துபோனாராம்.

"கரண்டு இல்ல, தொடுன்னு சொன்னது நீதான? கொலகாரி! எந்த மூஞ்சிய வெச்சிக்கினு இங்க வந்த?"

"நான் எதுக்கும்மா அப்படிச் சொல்றேன்? வாய்க்கு வந்தத பேசாத!"

அவள் மண்ணை வாரி என்மேல் இறைத்தாள். உடம்பெல்லாம் எரிந்தது எனக்கு. அபாண்டமாகப் பழி போடுகிறாளே என்று பொருமிக்கொண்டே, பக்கத்தில் திம்மப்பன் என்பவரின் ரோஜாத் தோட்டத்தில் வேலையாக இருந்த அஜாஸிடம் போனேன்.

மணி மூன்றரை. மோட்டார் கொட்டகையில், ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்துவைத்துக் குனிந்திருந்தார்.

"ஃபியூஸைப் பிடுங்கினீங்களா?"

"அஞ்சு மணி வரைக்கும் கரண்ட் இல்லன்னு நீதான சொன்ன?"

சண்டை போட வாயெடுத்தேன். அதற்குள் செல்போன் அடித்தது. மின் அலுவலகத்தின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி. பணி முடிந்தது... மின்சாரம் வழங்கப்பட்டுவிட்டது.

அப்போதுதான் கேட்டது.

கொர்ர்ர்...

ரோட்டுப் பக்கம் மைக் சத்தம். என் குரல்.

"பொதுமக்கள் கவனத்துக்கு... மின்சாரம் இன்னும் வரவில்லை..."

இதை நான் பதிவு செய்யவே இல்லை! எட்டிப் பார்த்தேன். ரோடு காலி. ஆட்டோ இல்லை. ஆளில்லை.

"...கம்பியைத் தொடலாம்..."

இப்போது கொட்டகைக்குப் பின்னால்.

"...பயப்படாமல் தொடலாம்..."

இப்போது என் தோளுக்குப் பக்கத்தில். மைக் இரைச்சல் இல்லை. நான் வீட்டில் பேசுகிற மாதிரியே...

"ஏங்க... தொடுங்க."

"சரி" என்றார் அஜாஸ். திரும்பவில்லை. கை பெட்டிக்குள் போனது.

கத்தினேன்.

சத்தம் வரவில்லை.

வாய் திறந்திருக்கிறது. மூச்சு வருகிறது. குரல் இல்லை.

பாய்ந்து சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தேன். ஸ்க்ரூடிரைவர் நழுவிப் பெட்டிக்குள் விழுந்தது.

படார்!

நீலமாக ஒரு தீ. கருகல் நாற்றம். தரையில் விழுந்து கிடந்த அஜாஸ் என்னைப் பார்த்ததும் பின்னால் நகர்ந்தார்.

"தொடச் சொல்லிட்டு எதுக்குடி இழுத்த?"

யா அல்லாஹ்! குரல் திரும்ப ஒரு மணி நேரம் ஆனது. மைக் ஆட்டோ ஓட்டுவது என் அண்ணன் லால் பாஷா. அவரிடம் கேட்டேன். அன்று முழுக்க ஆட்டோ ஓசூரில் ஒர்க்‌ஷாப்பில் நின்றிருக்கிறது.

மறுநாள் பூங்கொடி வீட்டுக்குப் போய்க் கையெடுத்துக் கும்பிட்டேன்.

"மன்னிச்சிடும்மா. நீ பொய் சொல்லல. மைக்ல என் குரல நானே கேட்டேன். ஆனா அது நான் இல்ல."

அவள் என் கையைத் தட்டிவிட்டாள்.

"கொரல மட்டும் கேட்டா கொலகாரின்னு சொல்வனா? நான் சோறு எடுத்துக்கினு வரப்புல வந்தேன். எங்கூட்டுக்காரரு தோள ஒட்டி நீ நின்னுக்கினு இருந்த. நான் அலறுனதும் திரும்பி என்னப் பாத்து சிரிச்ச."

அவர் இறந்த தேதியைக் கேட்டேன். சொன்னாள். மத்தியானம், சாப்பாட்டு நேரம்.

அதே மத்தியானம் நான் கிருஷ்ணகிரியில், பிரசவ வார்டில் கிடந்தேன். என் மகள் ஆஃப்ஷீன் பிறந்த நேரம் அது. வலி தாங்காமல் கத்த வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. பயத்தில் தொண்டை அடைத்துக்கொண்டது என்று நர்ஸ் சொன்னார்.

ஒரு மணி நேரம் கழித்துத்தான் என் குரல் திரும்பி வந்தது.