என் பெயரைக் கத்த ஓர் ஆள்

ஊரில் இருக்கும் உங்களிடம் சொன்னால் சிரிப்பீர்கள். இங்கே மலேசியாவில், ஈப்போ பக்கம் நான் ஓடிக்கொண்டிருந்தால் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, "எங்க போறீங்கக்கா? பஸ்ஸ விட்டுட்டீங்களா? ஏறுங்க லா, கொண்டு விடுறேன்" என்கிறார்கள். தப்பு அவர்களுடையது அல்ல. நாற்பத்திரண்டு வயதில், சுடிதாரோடு, பழைய ரப்பர் தோட்டத்துச் செம்மண் சாலையில் தலைதெறிக்க ஓடுகிறவளை வேறென்னவென்று நினைப்பது? பந்தயத்துக்குப் பழகுகிறேன் என்று சொல்ல வெட்கம். ஆமாம், பஸ்ஸை விட்டுவிட்டேன் என்று ஏறிப் போன நாளும் உண்டு.

மண்ணச்சநல்லூர் பள்ளி மைதானத்தில் எனக்கு இந்த வெட்கமெல்லாம் கிடையாது. எண்ணூறு மீட்டர் என்றால் இரண்டு சுற்று. முதல் சுற்றை யார் வேண்டுமானாலும் ஓடலாம். இரண்டாவதில்தான் உயிர் போகும். அப்போது என் அக்கா மாலா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே கூடவே ஓடி வருவாள். "சித்ரா, விடாதடி! சித்ரா!" அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டுதான் நான் ஓடியதெல்லாம்.

கல்யாணமாகி ஈப்போவை ஒட்டிய சிலிபினுக்கு வந்து பதினான்கு வருடம். கணவர் லோரி ஓட்டுகிறார். வாரத்தில் ஐந்து நாள் தெற்கே ஜொகூர் பக்கம். மற்றபடி என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. எல்லோருக்கும் நான் 'இந்தியாக்கா'. போன வருடம் மூத்தோர் ஓட்டப் போட்டியில் சேர்ந்தேன். பார்க்க வந்தவர்கள் குடை பிடித்தபடி நாகரிகமாகக் கை தட்டினார்கள். இரண்டாவது சுற்றில் என் மூச்சு மட்டும்தான் எனக்குக் கேட்டது. பாதியில் தடத்தை விட்டு இறங்கி நடந்துவிட்டேன். மலாய்க்கார அதிகாரி ஓடி வந்து, தன் தலையைத் தொட்டுக் காட்டி, "பெனிங் கெ?" என்றார். தலைசுற்றல் இல்லை ஐயா, தனிமை என்று மலாயில் எப்படிச் சொல்வது? தலையாட்டினேன். குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்தார்கள்.

இந்த வருடமும் பாதியில் இறங்கினால் இனி ஓடுவதே இல்லை என்று முடிவு செய்திருந்தேன். அதனால் தோட்டத்துச் சாலையில் நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோறு விற்கும் லெட்சுமி அக்காவைப் போட்டிக்குத் துணையாக அழைத்துப் போனேன். மாலாவை வாட்ஸ்அப்பில் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, கைபேசியை அவரிடம் கொடுத்தேன். "இத உயரப் பிடிச்சா போதுங்க்கா. கத்துறத அவ பாத்துக்குவா."

"இவ்ளோதானா? நாங்கல்லாம் மழைக்கு முந்தி ரப்பர் பால் வாளியத் தூக்கிட்டு ஓடுனவங்க. அப்ப கங்காணிதான் கத்துவான்" என்று சிரித்தார்.

முதல் சுற்று முடிந்து அவர் நின்ற இடத்துக்கு வந்தேன். சத்தமே இல்லை. அவர் கைபேசியைத் தட்டிக்கொண்டிருந்தார். லைன் போய்விட்டது. போச்சு, எல்லாம் போச்சு! கால் தானாகத் தளர்ந்தது. அவர் கைபேசியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சட்டென்று அதைப் பைக்குள் போட்டார், கைலியை முட்டிக்கு மேல் தூக்கினார். "இந்தியாக்கா! நிக்காத லா! இந்தியாக்கா, ஓடு!" என்று புல்லில் கூடவே ஓடி வந்தார். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். அவருக்கும் நான் அக்காதான்! அழுகை வந்தது. ஓடும்போது அழக் கூடாது, மூச்சு போய்விடும். இத்தனை வருடம் எனக்கு எரிச்சலூட்டிய அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு ஓடி முடித்தேன். ஆறு பேரில் ஐந்தாவது.

கைபேசி அடித்தது. மாலாவுக்குத் தொண்டை கம்மியிருந்தது. லைன் போனது தெரியாமல் அடுப்படியில் நின்று கடைசிவரை கத்தியிருக்கிறாள்.

"நான் கத்துனது கேட்டுச்சாடி?"

பக்கத்தில் லெட்சுமி அக்கா முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"கேட்டுச்சுக்கா" என்றேன்.