சரியாயிட்டான்

மதியம் மூன்றரைக்குப் போன் வந்தது. ஜெயிலில் அண்ணனோடு வார்டராக இருப்பவர் பேசினார். எல்லோருக்கும் அவர் நெட்டை.

"தங்கச்சி, அண்ணன் டூட்டி முடிஞ்சு பஸ்ஸுக்கு நின்னுக்கிட்டிருந்தாரு. நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தவரு எந்திரிக்கவே இல்லம்மா."

நான் அழுது ஓய்ந்த பிறகும் அவர் போனை வைக்கவில்லை.

"டெய்லர்கிட்ட இதை யாரு சொல்றது? எனக்குத் தைரியம் வரலம்மா."

டெய்லர் ஒரு கைதி. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அவரைத் தெரியும்.

ஷிப்ட் மாறும்போது ஒவ்வொரு கைதியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லித்தான் வார்டர்கள் ஒப்படைப்பார்கள். சில வருஷங்களுக்கு முன், சுவரையே பார்த்துக் கிடந்த ஒருவன் திடீரென்று குளித்தான், தலை சீவினான், சிரித்துப் பேசினான். போர்வை, சோப்பு எல்லாவற்றையும் பக்கத்திலிருந்தவர்களுக்குக் கொடுத்தான். "சரியாயிட்டான்" என்று ஒப்படைத்துவிட்டு அண்ணன் வீட்டுக்கு வந்தார். விடியும்போது அவன் உயிரோடு இல்லை.

அதன் பிறகு அந்த வார்த்தை எங்கள் வீட்டில் செல்லாது. குழந்தைக்குக் காய்ச்சல் சரியாயிடுச்சு என்று அண்ணி சொன்னால்கூட, "தொட்டுப் பாத்துட்டுச் சொல்லு" என்பார் அண்ணன்.

"உங்க அண்ணன்கிட்ட வாயைத் திறந்தா விசாரணைதான்" என்பார் அண்ணி.

போன மாதம் டெய்லர் தன் செருப்பைப் பக்கத்து அறை ஆளுக்குக் கொடுத்தார். மனைவி வந்து பார்ப்பதை நிறுத்தியதிலிருந்து முடங்கிக் கிடந்தவர், அன்று கலகலப்பாக இருந்தாராம். தெளிந்துவிட்டார் என்றார்கள் மற்ற வார்டர்கள். அண்ணன் வீட்டுக்குக் கிளம்பாமல் அவர் அறை வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"என்னய்யா, தாலாட்டுப் பாடப் போறியா?" என்றார் ஜெயிலர்.

"பாடினாத் தூங்குவாருன்னா பாடுறேன் சார்."

பிறகு டெய்லரிடம் சுற்றி வளைக்காமல் கேட்டார்: "சாகணும்னு தோணுதா?"

"இத்தனை நாள்ல ஒருத்தர்கூட இதைக் கேக்கலையேண்ணே" என்று டெய்லர் உடைந்து அழுதார். டாக்டர் வந்தார். தனி அறையிலிருந்து ஆட்கள் உள்ள அறைக்கு மாற்றினார்கள். அண்ணன் தினமும் போய்ப் பேசிவிட்டு வந்தார்.

இப்போது அண்ணனும் இல்லையென்றால் அந்த மனிதர் என்ன செய்வார்?

"நீங்களே சொல்லுங்க" என்றேன் நெட்டையிடம். "சொல்லிட்டு நகர்ந்துடாதீங்க. அண்ணன் கேட்ட மாதிரியே கேட்டுடுங்க."

சாயங்காலம் மறுபடி கூப்பிட்டார். "கேட்டேன் தங்கச்சி. தோணுதுன்னுதான் சொன்னாரு. டாக்டர் வந்துட்டாரு. ஆனா டெய்லர் என்னை நகர விட மாட்டேங்கிறாரு. நாளைக்கு அண்ணனை எடுக்கும்போது என்னால வர முடியாதும்மா."

அவர் வரவில்லை. தூக்கும்போது ஒரு தோள் குறைந்தது. பக்கத்து வீட்டுக்காரர் வந்து கொடுத்தார்.

டெய்லர் இன்று கஞ்சி குடித்தாராம்.

அண்ணனின் பையில் டெய்லருடைய மூக்குக்கண்ணாடி இருக்கிறது. காதில் மாட்டும் கம்பி உடைந்ததை மாற்ற வாங்கி வந்தது. இன்னும் கடையில் கொடுக்கவில்லை.